புற்றுக்கட்டி எக்சோசோம்கள்

புற்றுக்கட்டி எக்சோசோம்கள் என்பவை புற்றுநோய்ச் செல்கள் தம்மைச் சூழ்ந்துள்ள திரவத்தில் வெளியிடும் மிக நுண்ணிய குமிழ்கள் ஆகும். ஒவ்வொரு குமிழையும் செல் சவ்வைப் போன்ற ஓர் இரட்டைக் கொழுப்புப் படலம் மூடியிருக்கும். உள்ளே புரதங்கள், கொழுப்புகள், ஆர்.என்.ஏ. துண்டுகள் ஆகியவை இருக்கும். விட்டம் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவில் ஏறக்குறைய ஆயிரம் எக்சோசோம்களை வரிசையாக வைக்கலாம். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் இவற்றின் வடிவம் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

எக்சோசோம்களை வெளியிடுவது புற்றுநோய்ச் செல்களுக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. உடலின் ஏறத்தாழ எல்லா வகைச் செல்களும் இவற்றை வெளியிடுகின்றன. இரத்தம், சிறுநீர், உமிழ்நீர், தாய்ப்பால் என எல்லா உடல் திரவங்களிலும் இவை உள்ளன. செல்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் பழைய வழிகளுள் இதுவும் ஒன்று. புற்றுக்கட்டி இந்த வழியைப் புதிதாக உருவாக்கவில்லை; இருப்பதைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்தத் தேவைகளுள் முதன்மையானது தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவது. புற்றுநோய் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் தோன்றிய கட்டி நேரடிக் காரணம் அன்று; பரவலே காரணம் என்பதால் இக்குமிழ்கள் மருத்துவ ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ளன.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஒரு புரதத் தொகுதிக்கும் எக்சோசோம் என்ற அதே பெயர் வழங்குகிறது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இணையத்தில் தேடும்போது இவ்விரண்டும் கலந்து வரும்.

குப்பை எனக் கருதப்பட்ட காலம்

1983ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே நிகழ்வைக் கண்டன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் செம்மறி ஆட்டின் முதிராச் சிவப்பணுக்களை ஆராய்ந்தார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிலிப் ஸ்டாலின் குழு எலியின் முதிராச் சிவப்பணுக்களை ஆராய்ந்தது. சிவப்பணு முதிரும்போது, இரும்பை உள்ளே கொண்டுவர உதவும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி அதற்கு மேலும் தேவைப்படுவதில்லை. அந்த ஏற்பியைச் செல் சிறு குமிழ்களில் அடைத்து வெளியே தள்ளுவதை இரு குழுக்களும் கண்டறிந்தன. 1987இல் ஜான்ஸ்டோன் குழு அக்குமிழ்களை எக்சோசோம் என்ற பெயரால் குறித்தது.

தேவையற்ற பொருளை வெளியேற்றும் வழி என்றே இது அப்போது புரிந்துகொள்ளப்பட்டது. அந்தப் புரிதல் தவறானது என்று சொல்லிவிட முடியாது. சிவப்பணுவைப் பொறுத்தவரை அது இன்றும் பொருந்துகிறது. ஆனால் அதனாலேயே இத்துறை பத்தாண்டுக்கும் மேலாகப் பலரது ஆர்வத்தைப் பெறாமல் இருந்தது. குப்பைத் தொட்டியை ஆராய யார் முன்வருவார்கள்?

1996இல் கிராசா ரபோசோவும் உடன் ஆய்வாளர்களும், பி செல்கள் வெளியிடும் எக்சோசோம்கள் டி செல்களைத் தூண்ட வல்லவை என்று காட்டினர். வெளியே வீசப்பட்டதாக எண்ணிய பொருள் இன்னொரு செல்லில் விளைவை உண்டாக்கியது. 2007இல் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹாடி வலாதி, யான் லோட்வால் ஆகியோர் இடம்பெற்ற குழு அடுத்த படியைக் கடந்தது. எக்சோசோம்கள் தூது ஆர்.என்.ஏ.வையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வையும் சுமப்பதாகவும், எலிச் செல்லின் எக்சோசோமில் இருந்த தூது ஆர்.என்.ஏ. மனிதச் செல்லுக்குள் சென்று எலிப் புரதமாக மாறியதாகவும் அக்குழு அறிவித்தது. புற்றுநோய் ஆய்வாளர்கள் பெருமளவில் இத்துறைக்கு வந்தது அதன் பிறகுதான்.

எவ்வாறு உருவாகின்றன?

செல் தன் வெளிச்சவ்வின் சில பகுதிகளை அவ்வப்போது உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவ்வாறு உருவாகும் பை எண்டோசோம் எனப்படும். எண்டோசோமின் சுவர் உள்நோக்கிக் குழிந்து அதனுள்ளே பல சிறு குமிழ்கள் தோன்றுகின்றன. ஒரு பெரிய பைக்குள் பல சிறிய பைகள் என்ற இந்நிலை பல்குமிழ் உடலம் எனப்படுகிறது. பல்குமிழ் உடலத்தின் முன் இரு வழிகள் உள்ளன. லைசோசோமுடன் இணைந்தால் உள்ளிருப்பவை செரிக்கப்படும். செல் சவ்வுடன் இணைந்தால் உள்ளேயிருந்த குமிழ்கள் வெளியே கொட்டப்படும். அவ்வாறு வெளிவருபவையே எக்சோசோம்கள். பல்குமிழ் உடலத்தைச் செல் சவ்வுக்குக் கொண்டுசெல்வதில் ராப்27ஏ போன்ற புரதங்கள் பங்கேற்கின்றன. இப்பெயர் கீழே மீண்டும் வரும்.

இவ்வாறு உருவாகும் குமிழில் வெளிச்சவ்வின் புரதங்கள் வெளிப்புறம் நோக்கியே இருக்கும். தாய்ச் செல்லின் மேற்பரப்பில் எந்த ஏற்பி இருந்ததோ அது குமிழின் மேற்பரப்பிலும் இருக்கலாம். ஆகவே குமிழுக்கு ஒரு வகையில் அனுப்புநர் முகவரியும் உண்டு, பெறுநரைத் தேடும் கைகளும் உண்டு. சி.டி.9, சி.டி.63, சி.டி.81 ஆகிய புரதங்கள் பெரும்பாலான எக்சோசோம்களில் காணப்படுவதால் அவற்றை அடையாளமாக ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன.

விதையும் மண்ணும்

மார்பகப் புற்றுநோய் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்குப் பரவும். கணையப் புற்றுநோய் பெரும்பாலும் கல்லீரலைத் தேடிச் செல்லும். மண்ணீரலுக்கும் இரத்தம் தாராளமாகவே போகிறது. ஆனால் அங்கே பரவல் அரிது. ஏன் இந்த வேறுபாடு?

இக்கேள்வியை 1889இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், லான்செட் இதழில் எழுப்பினார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். 241 பேருக்குக் கல்லீரலில் பரவல் இருந்தது; மண்ணீரலில் 17 பேருக்கு மட்டுமே. இது தற்செயலாக இருக்க முடியாது என்று அவர் முடிவு செய்தார். புற்றுநோய்ச் செல்லை விதையாகவும் உறுப்பை மண்ணாகவும் அவர் உவமித்தார்: விதை எங்கும் தூவப்படலாம், ஏற்ற மண்ணில் மட்டுமே முளைக்கும். பின்னர் 1928இல் ஜேம்ஸ் யூயிங், இரத்த ஓட்டத்தின் பாதையே பரவலைத் தீர்மானிக்கிறது என்று வாதிட்டார். இரண்டிலும் உண்மை இருந்தது. ஆனால் மண் எப்படி ஏற்ற மண்ணாகிறது என்பதை இருவரும் விளக்கவில்லை.

2005இல் நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டேவிட் லைடனின் குழு எதிர்பாராத விடையொன்றைத் தந்தது. புற்றுநோய்ச் செல் வந்து சேரும் முன்பே, எலும்பு மஜ்ஜையிலிருந்து புறப்பட்ட செல்கள் எதிர்கால இலக்கு உறுப்பில் கூடிவிடுகின்றன. பரவலுக்கு முன்னரே தயாராகும் இந்த இடத்துக்குப் பரவல்முன் உறைவிடம் என்று பெயர். அதைவிட வியப்பூட்டியது வேறொரு சோதனை. கரும்புற்றுச் செல்களை வளர்த்த திரவத்தை மட்டும் எலிகளுக்குச் செலுத்தியபோது, நுரையீரல் புற்றுநோய்ச் செல்கள் தாம் வழக்கமாகப் போகாத உறுப்புகளுக்கும் பரவின. செல் இல்லாத திரவத்துக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? விதையே மண்ணை உழுவதற்கு முன்கூட்டி யாரையோ அனுப்புகிறது என்றுதான் கொள்ள வேண்டியிருந்தது.

அனுப்பப்பட்டவற்றுள் எக்சோசோம்களும் உள்ளன என்பதை அதே குழுவின் அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. 2012இல் எக்டர் பெய்னாடோ முதலானோர், தீவிரமாகப் பரவும் கரும்புற்றின் எக்சோசோம்கள் எலும்பு மஜ்ஜைச் செல்களுக்கு மெட் என்ற புரதத்தைக் கொண்டுசேர்த்து அவற்றின் நடத்தையை மாற்றுவதாகக் கண்டனர். கட்டிச் செல்களில் மேலே கூறிய ராப்27ஏ புரதத்தைக் குறைத்தபோது எக்சோசோம் வெளியீடு குறைந்தது. கட்டியின் வளர்ச்சியும் பரவலும் குறைந்தன.

2015இல் வெளிவந்த இரு ஆய்வுகள் இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுபவை. முதலாவது, புருனோ கோஸ்டா-சில்வா முதலானோரின் கணையப் புற்றுநோய் ஆய்வு. எலிகளில் கணையக் கட்டியின் எக்சோசோம்கள் கல்லீரலை அடைந்து, அங்குள்ள குப்ஃபர் செல்களால் விழுங்கப்படுகின்றன. விழுங்கிய குப்ஃபர் செல்கள் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது கல்லீரலின் விண்மீன் வடிவச் செல்களைத் தூண்ட, அவை ஃபைப்ரோநெக்டின் என்ற இழைப் புரதத்தை மிகுதியாக உருவாக்குகின்றன. அவ்விழைகளில் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் பெருவிழுங்கிகள் தங்குகின்றன. இவ்வளவும் நடந்து முடியும்போது கல்லீரலில் ஒரு புற்றுநோய்ச் செல்கூட இருக்க வேண்டியதில்லை. எக்சோசோமில் இருந்த எம்.ஐ.எஃப். என்ற புரதமே இத்தொடரைத் தொடங்கிவைத்தது. அதைத் தடுத்தபோது உறைவிடம் உருவாகவில்லை. நோயின் முதல் நிலையில் இருந்து, பின்னர் கல்லீரல் பரவலுக்கு ஆளான நோயாளிகளின் எக்சோசோம்களில், பரவல் ஏற்படாதவர்களைவிட எம்.ஐ.எஃப். அதிகமாக இருந்தது. கணையக் கட்டியை அறுவை மூலம் முழுமையாக அகற்றிய பின்னும் கல்லீரலில் நோய் தோன்றும் அனுபவம் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. அதற்கு ஒரு சாத்தியமான விளக்கத்தை இந்த ஆய்வு தருகிறது.

இரண்டாவது, அயுகோ ஹோஷினோ முதலானோரின் ஆய்வு. எக்சோசோமின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற ஒட்டுப் புரதங்களே அது எந்த உறுப்பில் இறங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன என்று இது கூறியது. ஆல்ஃபா6-பீட்டா4, ஆல்ஃபா6-பீட்டா1 ஆகிய இன்டெக்ரின்கள் இருந்தால் நுரையீரல். ஆல்ஃபாவி-பீட்டா5 இருந்தால் கல்லீரல். இதைச் சோதிக்க அவர்கள் செய்த பரிசோதனை எளிமையானது, ஆனால் அழுத்தமானது. எலும்பை நாடும் இயல்புள்ள மார்பகப் புற்றுநோய்ச் செல்களைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றைச் செலுத்தும் முன், நுரையீரலை நாடும் செல்களின் எக்சோசோம்களை எலிகளுக்குக் கொடுத்துவந்தனர். இயல்பாக நுரையீரலில் நன்கு வளராத அச்செல்கள் இப்போது நுரையீரலில் வளர்ந்தன. விதை மாறவில்லை, மண் மாற்றப்பட்டது. பேஜட்டின் உவமைக்கு 126 ஆண்டுகள் கழித்து ஒரு மூலக்கூறு வடிவம் கிடைத்தது எனலாம்.

அருகிலுள்ள செல்களுடன் உறவு

தொலைதூரப் பயணம் ஒருபுறமிருக்க, கட்டியைச் சுற்றியுள்ள செல்களையும் எக்சோசோம்கள் மாற்றுகின்றன. புற்றுநோய் எக்சோசோம்களின் மேற்பரப்பிலுள்ள டி.ஜி.எஃப்.-பீட்டா, சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கட்டிக்கு உதவும் வகைக்கு மாற்ற வல்லது. மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் அனுப்பும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-105 இரத்தக் குழாய்ச் சுவரின் செல்களை இறுகப் பிணைக்கும் இசட்.ஓ.-1 என்ற புரதத்தைக் குறைக்கிறது. சுவர் கசியத் தொடங்குகிறது என 2014இல் அறிவிக்கப்பட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ.-122 இன்னும் தந்திரமானது: இலக்கு உறுப்பின் சாதாரணச் செல்கள் குளுக்கோசை எடுத்துக்கொள்வதைக் குறைத்து, பின்னால் வரும் புற்றுநோய்ச் செல்களுக்கு அதை மிச்சப்படுத்துகிறது.

போக்குவரத்து ஒருவழிப் பாதை அன்று. ஃபைப்ரோபிளாஸ்டுகள் வெளியிடும் எக்சோசோம்கள் மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் நகரும் திறனைக் கூட்டுவதாக 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மருந்துகளிடமிருந்து தப்பவும் இவை துணைபோகின்றன. ஹெர்2 வகை மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்புரத மருந்து தரப்படுகிறது. அச்செல்கள் வெளியிடும் எக்சோசோம்களிலும் ஹெர்2 ஏற்பி இருப்பதால், மருந்தின் ஒரு பகுதி செல்லை அடையும் முன்பே குமிழ்களில் ஒட்டிக்கொள்வது ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது.

நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூரத்திலிருந்தே தடுத்தல்

பி.டி.-எல்1 என்ற புரதம் டி செல்லின் மேற்பரப்பிலுள்ள பி.டி.-1 உடன் இணைந்து அதன் தாக்குதலை நிறுத்துகிறது. கட்டிச் செல்கள் இதைத் தம் மேற்பரப்பில் வைத்துக்கொண்டு தப்புகின்றன. இந்த இணைப்பைத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் கரும்புற்று சிகிச்சையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. எனினும் கணிசமான நோயாளிகளுக்கு அவை பலன் தருவதில்லை.

2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரும்புற்று எக்சோசோம்களும் பி.டி.-எல்1 புரதத்தைச் சுமப்பதாக அறிவித்தனர். கட்டிக்கு அருகே வராத டி செல்களையும் இரத்த ஓட்டத்திலேயே அடக்க இவை உதவக்கூடும். இங்கே நுணுக்கமான ஒரு செய்தி உண்டு. சிகிச்சைக்கு முன்பே எக்சோசோம் பி.டி.-எல்1 மிகுந்திருந்தவர்களுக்கு மருந்து பெரும்பாலும் பலன் தரவில்லை. ஆனால் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் அதன் அளவு உயர்ந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. டி செல்கள் விழித்தெழுந்து இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்க, அதற்கு எதிர்வினையாகக் கட்டி பி.டி.-எல்1ஐக் கூட்டுவதே இந்த உயர்வுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். ஒரே அளவீடு, எடுக்கும் நேரத்தைப் பொறுத்து எதிரெதிர்ப் பொருள் தருகிறது. இரத்தப் பரிசோதனை ஒன்றை வடிவமைப்பவருக்கு இது சிறிய சிக்கல் அன்று.

ஐயங்கள்

மேலே கூறியவற்றைப் படிப்பவர், எல்லாம் உறுதியாகிவிட்டது என்று எண்ணக்கூடும். அவ்வாறில்லை. இவற்றில் பெரும்பகுதி எலிகளிலும் செல் வளர்ப்புத் தட்டுகளிலும் கண்டவை. எலிக்கு ஊசியால் செலுத்தும் எக்சோசோம்களின் அளவு, ஒரு மனிதக் கட்டி இயல்பாக வெளியிடும் அளவுக்கு ஒப்பானதா என்ற கேள்வி எப்போதும் நிற்கிறது.

அடுத்தது தூய்மை பற்றியது. இரத்தத்தில் இதே அளவுள்ள பிற குமிழ்களும் கொழுப்புப் புரதத் துகள்களும் ஏராளம். மீவேக மைய விலக்குக் கருவியில் சுழற்றி எடுப்பது முழுவதும் எக்சோசோம் என்று சொல்ல இயலாது. எண்டோசோம் வழியே வந்த குமிழையும், செல் சவ்விலிருந்து நேரடியாகக் கிள்ளப்பட்ட சிறு குமிழையும் வெளிவந்த பிறகு பிரித்தறிவது கடினம். இதனால் இத்துறைக்கான பன்னாட்டுச் சங்கம் 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளின் பெயரால் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், தோற்றம் நிறுவப்படாதபோது புறச்செல் நுண்குமிழ் என்ற பொதுப்பெயரையே பயன்படுத்தப் பரிந்துரைக்கிறது. பழைய கட்டுரைகளில் எக்சோசோம் என்று வரும் பல இடங்களை இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். இக்கட்டுரையும் அதற்கு விலக்கல்ல.

மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிய ஐயம் இன்னும் கூர்மையானது. 2014இல் வெளியான ஓர் அளவீட்டு ஆய்வில், மிகுதியாகக் காணப்படும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் ஒரே ஒரு பிரதியைக் காணவும் சராசரியாக நூற்றுக்கு மேற்பட்ட எக்சோசோம்களைத் தேட வேண்டியிருந்தது. நூறு உறைகளில் ஒன்றில்தான் கடிதம் இருக்கிறது என்றால், அக்கடிதங்களே பெறுநரின் நடத்தையை மாற்றுகின்றன என்று சொல்லத் துணிவு வேண்டும். மேற்பரப்புப் புரதங்கள் வழி நிகழும் விளைவுகள், உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ. வழி நிகழ்வதாகக் கூறப்படும் விளைவுகளைவிட வலுவான அடித்தளம் கொண்டவை என்றே தோன்றுகிறது.

நோயறிதலில்

கட்டியை வெட்டி எடுக்காமல், அது உடல் திரவத்தில் விட்டுச்சென்ற தடயங்களைக் கொண்டு அறிவது திரவ பயாப்சி எனப்படும். மூளைக் கட்டிக்கு இது பெரிய வசதி. 2008இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், கிளியோபிளாஸ்டோமா நோயாளிகள் 25 பேரில் 7 பேரின் இரத்த நுண்குமிழ்களில், அக்கட்டிக்கே உரிய மாற்றமடைந்த ஏற்பி ஒன்றின் ஆர்.என்.ஏ.வைக் கண்டனர்.

நடைமுறைக்கு வந்தவற்றுள் அமெரிக்காவில் பயன்படும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை குறிப்பிடத்தக்கது. 50 வயதைக் கடந்து, பி.எஸ்.ஏ. அளவு 2 முதல் 10 நானோகிராம் வரை உள்ள ஆண்களில், யாருக்குப் புராஸ்டேட் பயாப்சி தேவைப்படும் என முடிவெடுக்க இது உதவுகிறது. சிறுநீர் எக்சோசோம்களில் மூன்று மரபணுக்களின் ஆர்.என்.ஏ. அளவை இது பார்க்கிறது. இது புற்றுநோயை உறுதிசெய்யும் பரிசோதனை அன்று. தேவையற்ற ஊசிக் குத்தல்களைக் குறைப்பதே இதன் நோக்கம்.

எல்லா அறிவிப்புகளும் நிலைக்கவில்லை. 2015இல், கிளைபிகன்-1 என்ற புரதம் தாங்கிய எக்சோசோம்கள் கணையப் புற்றுநோயைத் தொடக்க நிலையிலேயே ஏறத்தாழப் பிழையின்றிக் காட்டும் என்று வந்த செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர் வேறு குழுக்கள் செய்த சோதனைகளில் அந்தத் துல்லியம் கிடைக்கவில்லை.

சிகிச்சையில்

கட்டி எக்சோசோம் வெளியிடுவதைத் தடுத்தால் பரவலைத் தடுக்கலாம் அல்லவா என்பது முதலில் தோன்றும் எண்ணம். ஆய்வகத்தில் இதற்கான வேதிப்பொருள்கள் உள்ளன. சிக்கல் என்னவெனில், நலமான செல்களும் அதே இயந்திரத்தையே பயன்படுத்துகின்றன. கட்டியின் எக்சோசோமை மட்டும் நிறுத்தும் மருந்து எதுவும் மருத்துவப் பயன்பாட்டில் இல்லை.

மாற்று வழி, எக்சோசோமையே மருந்து வண்டியாக்குவது. பிரான்சில் டெண்ட்ரைட்டிக் செல் எக்சோசோம்களை நுரையீரல் புற்றுநோயாளிகள் 22 பேருக்குத் தடுப்பூசிபோல் செலுத்திய இரண்டாம் கட்ட ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. முன்கூட்டி வகுத்திருந்த இலக்கை அது எட்டவில்லை.

இதற்கிடையில், நஞ்சுக்கொடி முதலியவற்றிலிருந்து எடுத்ததாகக் கூறப்படும் எக்சோசோம் ஊசிகளைச் சில தனியார் மையங்கள் பல நோய்களுக்கு விற்கத் தொடங்கின. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில், தான் எந்த எக்சோசோம் தயாரிப்புக்கும் அனுமதி வழங்கவில்லை என்றும், சிலருக்குக் கடுமையான பாதிப்புகள் நேர்ந்துள்ளன என்றும் எச்சரித்தது. ஆய்வகக் கட்டுரைகளின் பெயரைச் சொல்லி விற்கப்படும் ஊசியும், அக்கட்டுரைகள் ஆராயும் பொருளும் ஒன்றல்ல.

கணையப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் கே-ராஸ் மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் முயற்சி இப்போது மனிதர்களில் சோதிக்கப்படுகிறது. 2017இல் டெக்சாஸ் மாநிலத்தின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ரகு கல்லூரியின் குழு, சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற செல்களின் எக்சோசோம்களில், மாற்றமடைந்த கே-ராஸை மட்டும் அடக்கும் குறு ஆர்.என்.ஏ.வை ஏற்றி எலிகளுக்குச் செலுத்தியது. எலிகள் நீண்ட காலம் வாழ்ந்தன. செயற்கைக் கொழுப்புக் குமிழ்களைவிட இவை இரத்தத்தில் கூடுதல் நேரம் நிலைத்தன. அதற்குக் காரணம் எக்சோசோமின் மேற்பரப்பிலுள்ள சி.டி.47 என்ற புரதம். விழுங்கு செல்களுக்கு 'என்னை உண்ணாதே' என்று அறிவிக்கும் அடையாளம் அது. இதே எக்சோசோம்களைக் கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தரும் முதற்கட்ட மருத்துவ ஆய்வு அம்மையத்தில் தொடங்கப்பட்டது.